கை பழகும் வகுப்பு: திருகோணமலை வேலைத்தலங்களில் பயிற்சி கொடுப்பவருக்கு

வேலைத்தலத்தில் வகுப்பெடுக்க அழைப்பு வந்ததும் பெரும்பாலான வளவாளர்கள் முதலில் திறப்பது மடிக்கணினியை. பழைய ஸ்லைட்களைக் கிளறி, தலைப்பையும் திகதியையும் மாற்றி, நாற்பது ஸ்லைட் சேர்ந்துவிட்டால் ஆயத்தம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதை மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு வசனம் எழுதுங்கள்: இந்த வகுப்பு முடிந்து போகிறவர் நாளைக் காலை வேலைக்கு வந்ததும் எதைச் செய்வார்?

‘உணவுப் பாதுகாப்பு பற்றி அறிந்துகொள்வார்’ என்று எழுதினால் அது வசனமாக இருக்கலாம், இலக்காகாது. அறிந்துகொண்டாரா இல்லையா என்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ‘மீன் பெட்டி வந்து இறங்கியதும் தேர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பார், 5 பாகைக்கு மேல் காட்டினால் பெட்டியை உள்ளே எடுக்காமல் பொறுப்பாளரைக் கூப்பிடுவார், இலக்கத்தைத் தாளில் எழுதுவார்’ என்பது இலக்கு. பக்கத்தில் நின்று பார்க்கலாம், செய்தாரா இல்லையா என்று சொல்லலாம். இந்த வசனம் வரும்வரை வேறெதையும் தொடாதீர்கள். ஸ்லைட், கதை, விளையாட்டு, கையேடு எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்த வசனத்துக்கு உதவாத எதையும், அது எவ்வளவு நல்ல விடயமாக இருந்தாலும், வகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஒன்றரை மணித்தியால வகுப்பில் இப்படி ஒரு செயலைத்தான் பழக்கலாம். அதற்குள் முக்கியமான புள்ளிகள் மூன்று இருக்கலாம், நான்காவது வந்தால் முதலாவது மறந்துபோகும். முகாமையாளர் ‘இதோடு சேர்த்துத் தீயணைப்பையும் ஒருக்கா சொல்லிவிடுங்கோ’ என்று கேட்பார். மரியாதையாக, ஆனால் உறுதியாக, அதற்கு வேறொரு நாள் கேளுங்கள்.

வகுப்புக்கு முதல் கிழமை

வகுப்புக்கு ஒரு கிழமைக்கு முன் அந்த வேலையிடத்தில் ஒரு மணித்தியாலமாவது நிற்க வேண்டும். அலுவலக அறையில் உட்கார்ந்து முகாமையாளரிடம் கேட்டு எழுதுவது இதற்கு ஈடாகாது. வேலை நடக்கிற நேரத்தில், வேலை நடக்கிற இடத்தில் நின்று மேற்பார்வையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் அடிக்கடி பிழைக்கிறது? இதை ஆகத் திறமாகச் செய்கிறவர் யார்? சரியாகச் செய்ய விடாமல் தடுப்பது எது?

மூன்றாவது கேள்விதான் பெறுமதியானது. பல வேளைகளில் ஊழியருக்கு வேலை தெரியும், செய்ய வழிதான் இருக்காது. தேர்மாமீட்டரின் பற்றரி இரண்டு மாதத்துக்கு முன்னரே செத்திருக்கும். கையுறை பெரிய அளவில் மட்டும் இருக்கும். பதிவுத்தாள் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும். இதைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ‘செய்யாவிட்டால் உயிர் போகும்’ என்று வந்தால் இந்த ஊழியர் இதைச் சரியாகச் செய்வாரா என்று உங்களையே கேளுங்கள். செய்வார் என்றால் அவருக்கு வேலை தெரியும், குறை வேறெங்கோ இருக்கிறது. அந்தக் குறையை வகுப்பால் தீர்க்க முடியாது. அதை நிர்வாகத்திடம் நேரே சொல்வதும் பயிற்றுநரின் வேலைதான். பற்றரி வாங்கிப் போட்டால் தீரும் குறைக்கு இருபது பேரை ஒரு நாள் உட்கார வைப்பது அவர்களுடைய நேரத்துக்குச் செய்யும் அநியாயம்.

அங்கே நிற்கும்போது கைத்தொலைபேசியில் ஆறேழு படம் எடுங்கள். அனுமதி கேட்டுத்தான். பிழையான செய்கையைக் காட்டும் படத்தில் யாருடைய முகமும், பெயர்ப்பட்டியும் விழக்கூடாது. தங்களுடைய சமையலறை, தங்களுடைய இறங்குதுறை, தங்களுடைய பெட்டி திரையில் வரும்போது ஊழியர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். இணையத்தில் இறக்கிய வெளிநாட்டுச் சமையலறைப் படத்துக்கு அந்த வலு கிடையாது.

அவர்கள் ஒவ்வொரு சாமானுக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது பிறகு பெரிய உதவியாக இருக்கும்.

நாளும் நேரமும்

நிலாவெளி, உப்புவெளிப் பக்க ஹோட்டல்களுக்கு ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை சீசன். அந்த நேரத்தில் அரைநாள் வகுப்பு வைத்தால் பாதிப்பேர் இடையில் எழும்பிப் போவார்கள், மீதிப்பேரின் மனம் கீழே சமையலறையில் நிற்கும். பெரிய வகுப்பை மார்ச், ஏப்ரலில் முடித்துவிட்டு, சீசனில் வேலைமுறை (ஷிப்ட்) தொடங்குவதற்கு முன் பதினைந்து இருபது நிமிட நினைவூட்டல் மட்டும் வையுங்கள். மார்ச், ஏப்ரலில் ரமழான் நோன்பு வருகிற வருடங்களும் உண்டு. நோன்பு மாதத்தில் வகுப்பைக் காலையில் வைத்து, சாப்பாட்டை ருசி பார்க்கும் செய்கைகளை வேறு மாதத்துக்குத் தள்ள வேண்டும்.

துறைமுகத்திலும் சீனக்குடாப் பக்கத் தொழிற்சாலைகளிலும் வேலைமுறைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரவு வேலை முடித்த ஆளைக் காலை ஒன்பது மணி வகுப்பில் இருத்துவது வீண். அவர் கண்ணைத் திறந்தபடி நித்திரை கொள்வார், பிழை அவருடையதல்ல. அவருக்கு வேறொரு நாளில் தனி வகுப்புக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு முன்னரே முடித்து, பின்னேரப் பகுதி இருந்தால் இரண்டு மணிக்குத் தொடங்குங்கள். ‘பத்து நிமிடம் பொறுங்கோ, முடிச்சிட்டுப் போகலாம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வகுப்பில் உங்கள் மதிப்புப் போய்விடும். அன்றைக்குச் சைவம் சாப்பிடுகிறவர்களும் நிறைய இருப்பார்கள். சாப்பாடு ஒழுங்குசெய்யும்போது ஹலாலும் சைவமும் தனித்தனியாக இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். போயா தினங்களையும் கலண்டரில் பாருங்கள். மூதூர், குச்சவெளி, கந்தளாய்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்கள் இருந்தால் எட்டரைக்குத் தொடங்குவதாக அறிவித்துவிட்டு ஒன்பதேகாலுக்குத் தொடங்குவதை விட, ஒன்பது மணி என்று சொல்லி ஒன்பதுக்கே தொடங்குவது நல்லது.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி முதல் மூன்று மணி வரை பேச்சு ஏறாது. அந்த மணித்தியாலத்துக்குக் கை வேலையை வையுங்கள், எழும்பி நிற்க வையுங்கள்.

இன்னொன்று. எங்கள் பகுதியில் செயலமர்வு என்றால் விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை என்று ஒரு வரிசை இருக்கிறது. அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். ஆனால் நிகழ்ச்சிநிரலில் பத்து நிமிடம் என்று போட்டது நாற்பது நிமிடமாகும் என்பதையும் எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். எந்தப் பகுதியை வெட்டலாம் என்பதை முதல் நாள் இரவே உங்கள் குறிப்பில் சிவப்பால் அடையாளமிடுங்கள். விளக்கவுரையை வெட்டலாம், பின்னணித் தகவலை வெட்டலாம். ஊழியர் தன் கையால் செய்து பார்க்கும் பகுதியை மட்டும் ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள். நேரம் போய்விட்டது என்று பெரும்பாலானோர் வெட்டுவது அதைத்தான், வகுப்பு வீணாகிற இடமும் அதுதான்.

எந்தப் பாஷையில், எந்தச் சொல்லில்

ஒரே மண்டபத்தில் உவர்மலைத் தமிழரும், கிண்ணியா முஸ்லிமும், கந்தளாய்ச் சிங்களவரும் இருப்பது இங்கே வழமை. ஆட்கள் தொகை போதுமென்றால் தமிழுக்கும் சிங்களத்துக்கும் தனித்தனி வகுப்புக் கேளுங்கள், அதைப்போல எதுவும் வராது. முடியாதென்றால் மொழிபெயர்ப்பாளரோடு எடுக்கலாம், ஆனால் நேரம் இரட்டிப்பாகும். ஆகவே விடயத்தைப் பாதியாக்குங்கள். மொழிபெயர்ப்பவருக்கு முதல் நாளே முக்கிய சொற்கள் இருபதை எழுதிக் கொடுங்கள். இரண்டு வசனம் சொல்லுங்கள், நிறுத்துங்கள். அவர் பேசும்போது அவரைப் பார்க்காமல் ஊழியரைப் பாருங்கள், விளங்கியதா இல்லையா என்பது அவர்களுடைய முகத்தில் தெரியும். இரண்டு பாஷையும் நன்றாகத் தெரிந்த ஊழியர் ஒருவரை அந்த இடத்திலேயே எழுப்பி மொழிபெயர்க்கச் சொல்வது பிழை. அவரும் கற்க வந்தவர்தான்.

தமிழ் வகுப்பிலும் சொல் தடக்கும். இணையத்தில் எடுத்த இந்தியத் தமிழ்க் கையேட்டில் ‘மேலாளர்’, ‘பணியாளர்’ என்று இருக்கும். இங்கே முகாமையாளர், ஊழியர். பாடப்புத்தகத் தமிழில் ‘நுண்ணங்கி’, ‘வெப்பமானி’ என்று இருக்கும். சமையலறையில் அது கிருமி, தேர்மாமீட்டர். கிழமைக்கு முன்னர் குறித்துக்கொண்டு வந்த சொற்கள் இப்போது உதவும். அவர்களுடைய சொல்லையே பாவியுங்கள். படிவத்தில் வேறு சொல் அச்சாகியிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று ஒருமுறை சொல்லி, வெண்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும்.

எல்லோரையும் ‘நீங்கள்’ என்று கூப்பிடுங்கள், பதினெட்டு வயதுப் பொடியனையும் சேர்த்துத்தான். அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்று உறவுமுறை சொல்வது இங்கே இயல்பு. முஸ்லிம் ஊழியர்களிடையே நானா, தாத்தா என்பார்கள். தாத்தா என்பது அங்கே அக்காவைக் குறிக்கும் என்பது தெரியாமல் தடுமாறாதீர்கள். ஒருவரை அண்ணா என்றும் பக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதுதான் கூடாது. ஆட்கள் அதைக் கவனிப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

ஸ்லைட், எழுத்துரு, மின்சாரம்

ஸ்லைட் இல்லாமலும் வகுப்பு எடுக்கலாம். இருந்தால் பத்துக்கு மேல் வேண்டாம். ஒரு ஸ்லைட்டில் ஒரு படம், அதிகம் போனால் நான்கு வரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்தின் மேலும் கீழும் விசிறிகள் வரும். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. 30 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள், வரிகளுக்கிடையில் கொஞ்சம் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் ‘கி’யின் சுழியும் மேல் வரியின் ‘கு’வும் ஒன்றில் ஒன்று ஏறும். வெளிச்சமான மண்டபத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மங்கிப்போகும். வெள்ளையில் கறுப்பே நல்லது. திரையில் விழும் படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்கு அப்பால் கதிரை போடாதீர்கள். படம் ஒரு மீற்றர் உயரமென்றால் கடைசி வரிசை ஆறு மீற்றருக்குள். அந்தக் கடைசிக் கதிரையில் நீங்களே போய் இருந்து வாசித்துப் பாருங்கள்.

எழுத்துருச் சிக்கலால் குழம்பிய வகுப்புகள் ஏராளம். பாமினியில் அடித்த ஸ்லைட்டை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வணக்கம்கூட வராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். யுனிகோட்டில் அடியுங்கள். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ எழுத்துரு தமிழையும் சிங்களத்தையும் சேர்த்தே தாங்கும், இரு பாஷை ஸ்லைட்டுக்கு அதுவே வசதி. எதில் செய்தாலும் ஒரு பி.டி.எஃப் பிரதியையும் பென் டிரைவில் வைத்திருங்கள்.

மண்டபத்துக்கு வகுப்புத் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்னர் போங்கள். மல்டிமீடியாவுக்கு எச்.டி.எம்.ஐ வயரா, பழைய விஜிஏ வயரா என்று முதல் நாளே கேட்டு, மாற்றியைக் கொண்டுபோங்கள். சுவரில் இருப்பது உருண்டைத் துளையா, சதுரத் துளையா என்பதும் இங்கே தலையிடிதான். இரண்டுக்கும் பொருந்தும் எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்று உங்கள் பைக்குள் இருக்கட்டும். மடிக்கணினி தானாக உறங்கிப்போகாதபடி மாற்றி, இணையத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாடத்துக்கு நடுவில் வாட்ஸ்அப் செய்தி எல்லோர் முன்னாலும் திரையில் வந்து நிற்கும்.

கரண்ட் போனால்? டிமை தாள் பத்து, பிளாட்டினம் பேனை மூன்று நிறத்தில், மாஸ்க்கிங் டேப். முக்கியமான மூன்று புள்ளியையும் முதல் நாளே டிமையில் பெரிதாக எழுதிச் சுருட்டி வைத்திருந்தால், கரண்ட் போன மறு நிமிடம் அதைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தொடரலாம். மேலே காற்றாடி சுற்றும் இடத்தில் தாளின் நான்கு மூலையையும் ஒட்ட வேண்டும். மேல் மூலைகள் இரண்டை மட்டும் ஒட்டினால் வகுப்பு முழுக்க அது படபடத்துக்கொண்டே இருக்கும். காற்றாடிச் சத்தத்தோடு தொண்டை போட்டிபோட முடியாது, இந்த வெயிலில் காற்றாடியை நிறுத்தவும் கூடாது. கதிரைகளை லாட வடிவில் போட்டு நீங்கள் நடுவில் வந்து நின்றால் மைக் இல்லாமலே இருபது பேருக்குக் கேட்கும்.

மீன் பெட்டியும் தேர்மாமீட்டரும்

இனி முழு வகுப்பொன்றை எடுத்துப் பார்ப்போம். ஹோட்டல் சமையலறையில் மீன் பொறுப்பெடுக்கும் ஊழியர் 16 பேர், 90 நிமிடம். 16 பேருக்கு மேல் ஒரு பயிற்றுநர் செய்கை வகுப்பு எடுக்கக்கூடாது. கண் எட்டாது.

சாமான்: நான்கு தேர்மாமீட்டர், பற்றரியை முதல் நாளே சோதித்து. உடைத்த ஐஸ் ஐந்து கிலோ. நான்கு கிளாஸ். அற்ககோல் துடைப்பான் ஒரு பெட்டி. ரெஜிபோம் பெட்டி இரண்டு. சூரை மீன் இரண்டு, ஏறக்குறைய ஒரே பருமனில். ஒரு மீனை ஐஸுக்குள் நன்றாகப் புதைத்து வையுங்கள். மற்றதை வகுப்புத் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்னரே ஐஸ் இல்லாத பெட்டியில் வையுங்கள். அந்த இரண்டாவது மீன் பாடத்துக்கு மட்டும். வகுப்பு முடிந்ததும் எறிய வேண்டும், யாரும் கறிக்கு எடுத்துப்போகக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

தொடக்கத்தில் உங்கள் பட்டங்களைச் சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லி, இரண்டு பெட்டியையும் முன்னால் வைத்து, ‘இரண்டையும் வந்து பாருங்கோ, மணந்து பாருங்கோ, எதை எடுப்பீங்கள், எதைத் திருப்பி அனுப்புவீங்கள்?’ என்று கேளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் கண்ணிலோ செவுளிலோ மணத்திலோ பெரிய வித்தியாசம் தெரியாது. பெரும்பாலானோர் இரண்டையும் எடுப்பார்கள். பிறகு தேர்மாமீட்டரைக் குத்தி இரண்டு இலக்கத்தையும் வெண்பலகையில் எழுதுங்கள். ஐஸுக்குள் இருந்தது 0 பாகைக்குக் கிட்ட நிற்கும், வெளியே இருந்தது நன்றாக ஏறியிருக்கும். இதற்குப் பத்து நிமிடம் போதும். ‘மூக்கும் கண்ணும் போதாது’ என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, இலக்கம் சொல்லிவிடும்.

அடுத்து ஏன் என்பது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்டவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும். பல பேர் அதை ஒவ்வாமை என்று நினைத்துவிடுவார்கள். இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஹிஸ்டமின் உண்டானபின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அழியாது. சமையல்காரர் பலருக்கு ‘நல்லா அவிச்சால் எல்லாம் சரி’ என்ற நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை உடைகிற இடம் இது, அவசரப்படாமல் நில்லுங்கள். சூடான பிரதேசத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பதையும் பெட்டியைக் காட்டியே சொல்லுங்கள். நம் லொறிகளில் வருவதில் ஐஸ் அதைவிடக் குறைவாக இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

பிறகு செய்கை. இதற்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை வேகமாகப் பழக்குவதற்காகப் பாவித்த முறையை விடச் சிறந்ததை இன்னும் காணவில்லை. ஆளை ஆயத்தப்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, பின்னால் போய்ப் பார் என்ற நான்கு படி. டி.டபிள்யூ.ஐ (Training Within Industry) என்று சொல்லப்படும் அந்த முறை பின்னர் ஜப்பானில் ஆழமாக வேரூன்றியது.

செய்து காட்டுவதை மூன்று தரம் செய்யுங்கள். முதல் தரம் வாய் திறக்காமல், வழமையான வேகத்தில். இரண்டாம் தரம் மெதுவாக, ஒவ்வொரு படியையும் அதில் கவனிக்க வேண்டியதையும் சொல்லிக்கொண்டு. மூன்றாம் தரம் அதற்கு ஏன் என்ற காரணத்தோடு. செய்து காட்டும்போது ஊழியருக்கு எதிரே நிற்காமல் அவர்கள் பார்க்கிற பக்கமே நீங்களும் திரும்பி நில்லுங்கள். எதிரே நின்றால் உங்கள் வலது அவர்களுக்கு இடதாகிவிடும், கை குழம்பும்.

படிகள் இவை. முதலில் தேர்மாமீட்டரைச் சோதித்தல்: கிளாஸ் நிறைய உடைத்த ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். கம்பியின் நுனி கிளாஸின் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் நடுவில் நிற்க வேண்டும். 0 காட்ட வேண்டும், ஒரு பாகை கூடிக்குறையலாம். தண்ணீர் கூடி ஐஸ் மேலே மிதந்தால் 2, 3 என்று காட்டும், தேர்மாமீட்டர் பழுது என்று எறிந்துவிடுவார்கள். பிழை கிளாஸில் இருக்கிறது. அடுத்து கம்பியைத் துடைத்து, மீனின் ஆகத் தடித்த இடத்தில், தலைக்குப் பின்னால், நடுமுள்ளுக்குக் கிட்டப் போகும்படி குத்த வேண்டும். தோலுக்குக் கீழே மட்டும் குத்தினால் ஐஸின் குளிரைத்தான் காட்டும், மீனின் குளிரைக் காட்டாது. இலக்கம் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். பெரும்பாலானோர் பிழைவிடுவது இங்கேதான்: குத்திய உடனே வாசித்து இழுத்துவிடுவார்கள். பிறகு இலக்கத்தை எழுத வேண்டும், துடைக்க வேண்டும், பெட்டியின் நடுவிலும் அடியிலும் இருக்கும் மீனிலும் பார்க்க வேண்டும். மேலே ஐஸ் போட்டு அழகாகக் காட்டிய பெட்டியின் நடுவில்தான் சூடு ஒளிந்திருக்கும்.

இனி அவர்களின் முறை. நான்கு பேருக்கு ஒரு தேர்மாமீட்டர். ஒருவர் செய்வார், அடுத்தவர் படியை வாயால் சொல்வார், மற்ற இருவர் பார்ப்பார்கள். முதல் சுற்றுப் பிழைக்கும், கையை வைத்துத் திருத்துங்கள். இரண்டாம் சுற்றில் செய்கிறவரே ‘இதை ஏன் இப்படிச் செய்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். கை சரியாகவும் வாய் பிழையாகவும் இருந்தால் அவர் பார்த்துப் பழகியிருக்கிறார், விளங்கவில்லை. ஒருவருக்கு இரண்டு நிமிடம், குழுவுக்கு ஒரு சுற்று எட்டு நிமிடம், இரண்டு சுற்றும் திருத்தமும் சேர்த்து முப்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

ஆகத் திறமாகச் செய்கிறவர் என்று மேற்பார்வையாளர் சொன்னாரே, அவரை மறந்துவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் மூத்தவராக, ‘இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்’ என்ற முகத்தோடு பின்வரிசையில் இருப்பார். இரண்டாம் சுற்றில் அவரை முன்னால் அழைத்து ஒரு குழுவைத் திருத்தச் சொல்லுங்கள். அவருடைய அனுபவத்துக்கு உரிய இடம் அதுதான், வகுப்புக்கும் அது பலம்.

‘விளங்கிச்சா?’ என்று கேட்காதீர்கள்

கேட்டால் எல்லோரும் ‘ஓம்’ என்பார்கள். அந்த ஓமில் எதுவுமில்லை. அதற்குப் பதிலாக வேலையை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். ‘இப்ப காலை ஏழு மணி. லொறி வந்து நிற்குது. நடுப்பெட்டி 9 பாகை காட்டுது. சாரதி, இன்னும் மூன்று ஹோட்டலுக்குப் போகணும், கெதியா கையெழுத்தைப் போடுங்கோ என்கிறார். பொறுப்பாளர் போன் எடுக்கவில்லை. என்ன சொல்வீங்கள்?’ இப்படிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தாங்களே விடை சொல்லிவிடுவது பயிற்றுநர்கள் செய்யும் ஆகப் பெரிய பிழைகளில் ஒன்று.

பேச வெட்கப்படுகிறவர்கள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் கதைக்க விட்டு, பிறகு கேளுங்கள். இருவராகச் சேர்ந்த விடையைச் சொல்வது தனி விடையைச் சொல்வதை விடச் சுலபம். பெண்கள் ஒரு பக்கமாக இருந்தால் அவர்களை அவர்களுக்குள்ளேயே சோடி சேர விடுங்கள், கலந்து இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் வாயே திறக்க மாட்டார்கள். முகாமையாளர் வகுப்பில் இருந்தாலும் வாய்கள் மூடிவிடும். தொடக்கத்தில் வந்து இது ஏன் முக்கியம் என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுப் போய், கடைசிப் பத்து நிமிடத்துக்குத் திரும்பி வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிழையான விடை வந்தால் ‘இல்லை’ என்று வெட்டாதீர்கள். ‘அப்படிச் செய்தால் பத்து மணிக்கு என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். அவரே திருத்துவார். உங்களுக்குத் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, தாளில் எழுதி, எந்தக் கிழமை பதில் தருவீர்கள் என்றும் சொல்லி, அந்தக் கிழமை கட்டாயம் கொடுங்கள்.

முப்பதாம் நாள்

1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் பயிற்சியை அளக்க நான்கு படி சொன்னார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, வேலைத்தலத்துக்குப் பலன் வந்ததா. நம்மிடம் பெரும்பாலான பயிற்சிகள் முதற்படியோடு, ‘நல்ல செயலமர்வு, சாப்பாடும் நல்லது’ என்று எழுதிய தாளோடு நின்றுவிடுகின்றன. மூன்றாம் படிக்குப் போகாவிட்டால் நீங்கள் பயிற்சி கொடுத்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

மறதி முதல் நாட்களில்தான் வேகமாக நடக்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இலேயே தன்னை வைத்தே சோதித்து எழுதியது இது. ஆகவே முதல் நினைவூட்டலை ஒரு மாதம் தள்ளிப் போடாதீர்கள். மூன்றாம் நாள் வேலை தொடங்கும்போது மேற்பார்வையாளர் ஒருவரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு பெட்டியில் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஏழாம் நாள் இன்னொருவர். இதை வகுப்பு முடிவதற்குள் மேற்பார்வையாளரோடு பேசி, திகதியும் பெயரும் போட்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘அடிக்கடி நினைவுபடுத்துங்கோ’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது.

முப்பதாம் நாள் நீங்களே போங்கள். லொறி வரும் நேரத்துக்கு, இறங்குமிடத்துக்கு. ஐந்து பெட்டி இறங்குவதைப் பேசாமல் நின்று பாருங்கள். எத்தனை பெட்டியில் குத்திப் பார்த்தார்கள், நடுவில் பார்த்தார்களா, இலக்கம் நிற்கும்வரை பொறுத்தார்களா, எழுதினார்களா என்று நான்கு நிரலில் சரி, பிழை போடுங்கள். பிறகு பதிவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். உண்மையில் குத்திப் பார்த்த தாளில் 1.4, 3.8, 0.9, 6.2 என்று இலக்கங்கள் ஏறி இறங்கும், பேனையும் கையெழுத்தும் நாளுக்கு நாள் மாறும், ஒரு மூலையில் மீன் தண்ணீர்க் கறையும் இருக்கும். முப்பது நாளும் ஒரே பேனையில் 4, 4, 4 என்று கீழிறங்கினால் அது கிழமை முடிவில் கதிரையில் இருந்து நிரப்பிய தாள். அதை எழுதியவரை ஏசாதீர்கள். தேர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை எடுத்து, பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஏழு மணிக்கு இறங்குமிடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெட்டி இறங்கும் இடத்திலிருந்து தாள் தொங்கும் சுவருக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று நடந்து பாருங்கள். அந்தச் சுவரில் இருக்கிற ஆணியைக் கழற்றி இறங்குமிடத்தில் அடிப்பது, இரண்டாவது வகுப்பொன்று வைப்பதை விடப் பயன் தரலாம்.